‘மை பலோனா’: கழிப்பறையில் பதிவான ஒரு பகடிப் பாடல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1979-ல் அமெரிக்க வானொலிகளில் ‘மை ஷரோனா’ ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போது கலிஃபோர்னியாவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், அதே மெட்டில் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் இறைச்சியைப் பற்றிப் பாடினார். அதுதான் ‘மை பலோனா’. பின்னாளில் ‘வியர்ட்’ ஆல் யாங்கோவிக் என்று உலகம் அறிந்த நகைச்சுவைப் பாடகரின் முதல் இசைத்தட்டு அது.

பகடிப் பாடல் என்றாலே பலருக்கும் ஓர் அலட்சியம் உண்டு. ஊருக்குத் தெரிந்த மெட்டை எடுத்து நாலு வார்த்தையை மாற்றிப்போட்டால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைக் காட்ட, ஏறத்தாழ ஒன்றுமே இல்லாமல் உருவான இந்தச் சின்னப் பாடல் போதும். மூலப் பாடலை அணு அணுவாகக் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும். இந்தப் பாடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மூலப் பாடலான ‘மை ஷரோனா’ யாருடையது? ஏன் அத்தனை பெரிய வெற்றி?

லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ‘தி நாக்’ என்ற நால்வர் குழுவின் பாடல். நியூ வேவ் என்ற இசை வகையில் சேர்த்துச் சொல்லப்படும் குழு. பாடகர் டக் ஃபீகரும் கிடார் கலைஞர் பெர்ட்டன் அவேரும் சேர்ந்து எழுதியது. டிரம்ஸ் புரூஸ் கேரி, பேஸ் கிடார் பிரெஸ்காட் நைல்ஸ். அவர்களுடைய முதல் ஆல்பம் 1979-ன் நடுவில் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. தயாரிப்பாளர் மைக் சாப்மன். பெரிய குழுக்கள் ஓர் ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் தங்கியிருந்த காலத்தில், இதைச் சுமார் 18,000 டாலர் செலவில் இரண்டே வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

‘மை ஷரோனா’ 1979 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்து ஆறு வாரம் அங்கேயே இருந்தது. அதற்கு முந்தைய வாரம் முதலிடத்தில் இருந்தது ‘ஷீக்’ குழுவின் டிஸ்கோ பாடல். டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரத்தில் கிடாரும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு வந்த ஒரு பாடல் அதை இறக்கிவிட்டு உட்கார்ந்தது. அந்த ஆண்டு முழுவதற்குமான பில்போர்டு பட்டியலிலும் முதலிடம் இதற்குத்தான்.

வெற்றியின் இரகசியம் பாடலின் முதுகெலும்பாக இருக்கும் அந்தக் கிடார்த் துணுக்கில் இருக்கிறது. ஒரே சுரம் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் துள்ளித் துள்ளிக் குதிக்கும். டிரம்ஸ் தொடங்கியதும் பாதம் தானாகத் தாளம் போடும். இதை விளக்குவதைவிட ஒரு முறை கேட்டுவிடுவது மேல்.

நியூ வேவ் என்றால் என்ன?

1970-களின் பிற்பகுதியில் பங்க் இசை எழுப்பிய புழுதி அடங்குவதற்குள் அதன் பின்னாலேயே வந்த அலை. பங்கின் வேகமும் சுருக்கமும் இதில் உண்டு. ஆனால் கோபத்தைக் குறைத்துக்கொண்டு, மெட்டையும் வேடிக்கையையும் விசித்திரத்தையும் கூட்டிக்கொண்டது. பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், தி கார்ஸ், டீவோ, பி-52ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ என்று ஆளுக்கொரு திசையில் போனவர்கள் எல்லோரையும் இந்த ஒரே பெயரால்தான் அழைத்தார்கள். ‘தி நாக்’ குழுவைப் பவர் பாப், அதாவது கிடார் வேகமும் இனிய மெட்டும் கலந்த பாப் இசை, என்று வகைப்படுத்துபவர்களும் உண்டு. இரண்டும் பொருந்தும்.

பகடி செய்பவருக்கு நியூ வேவ் ஒரு நல்ல நிலம். பாடல்கள் குட்டையானவை; ஒவ்வொன்றுக்கும் தெளிவான அடையாளம் இருக்கும். ஒரு திக்கல், ஒரு வெட்டு, ஒரு விநோதக் குரல் போதும், எந்தப் பாடல் என்று கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

யாங்கோவிக் அப்போது யார்?

ஆல்ஃபிரட் மேத்யூ யாங்கோவிக், 1959 அக்டோபர் 23 அன்று பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே லின்வுட் என்ற ஊரில் வளர்ந்தவர். வீடு வீடாக இசை வகுப்புக்கு ஆள் சேர்க்க வந்த ஒருவர் கிடாரா அக்கார்டியனா என்று கேட்க, பெற்றோர் அக்கார்டியனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முதல் வகுப்பு. சில ஆண்டுகள் முறையாகக் கற்றார். பிறகு எல்டன் ஜானின் இசைத்தட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்து, ராக் இசையை அக்கார்டியனில் எப்படிப் பிடிப்பது என்று தானாகவே கண்டுகொண்டார்.

பழைய தமிழ்த் திரையிசை கேட்டவர்களுக்கு அக்கார்டியன் புதிதல்ல, எம்.எஸ்.விஸ்வநாதன் பாடல்களில் நிறையவே வரும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆர்மோனியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் அது தாத்தாக்களின் கருவியாகிவிட்டிருந்தது. போல்கா நடனத்தோடு சேர்த்தே அதை நினைப்பார்கள். ராக் குழுவில் அக்கார்டியனுக்கு எந்த வேலையும் இல்லை என்றுதான் அந்தத் தலைமுறை நினைத்தது. யாங்கோவிக்கின் பலம் அங்கேதான் தொடங்கியது.

படிப்பில் கெட்டிக்காரர். பதினாறு வயதில் வகுப்பின் முதல் மாணவராகப் பள்ளியை முடித்துவிட்டு, சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரிலுள்ள கால் பாலி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சேர்ந்தார். அங்கே கே.சி.பி.ஆர். என்ற மாணவர் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ‘டாக்டர் டிமென்டோ’ என்ற பெயரில் நகைச்சுவைப் பாடல்களையும் விசித்திரப் பாடல்களையும் மட்டுமே ஒலிபரப்பிவந்த பாரெட் ஹேன்சன். 1970-ல் தொடங்கிய அவருடைய வானொலி நிகழ்ச்சி, பிறகு நாடெங்கும் பல நிலையங்களில் ஒலித்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, 1976-ல், யாங்கோவிக் தன் பாடலை ஒலிநாடாவில் பதிந்து அவரிடம் சேர்த்துவிட்டார். டிமென்டோ அதை ஒலிபரப்பினார். அவர் இல்லையென்றால் இந்தப் பாடலுக்குக் கேட்பவர்களே கிடைத்திருக்க மாட்டார்கள்.

உண்மையிலேயே கழிப்பறையில்தான் பதிவு செய்தார்களா?

ஆமாம். கே.சி.பி.ஆர். நிலையத்துக்கு எதிரே, நடைக்கு அந்தப் பக்கம் ஒரு கழிப்பறை இருந்தது. யாங்கோவிக் அக்கார்டியனோடு அதற்குள் போய்ப் பாடினார். காரணம் எளிமையானது. ஓடு பதித்த சுவரும் தரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். குளிக்கும்போது பாடுகிறவர் எவருக்கும் தன் குரல் ஒரு சுற்றுப் பெருத்துக் கேட்பது அதனால்தான். எதிரொலி சேர்க்கும் கருவிகளுக்குப் பணம் கொடுக்க முடியாத மாணவருக்கு அந்த அறை இலவச எதிரொலிக்கூடம்.

அந்தப் பதிவைக் கேட்டால் அதன் அழகு புரியும். ‘மை ஷரோனா’வில் டிரம்ஸும் பேஸ் கிடாரும் கிடாரும் சேர்ந்து செய்யும் வேலை அத்தனையையும் ஒற்றை அக்கார்டியன் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஸ்தாயி விட்டு ஸ்தாயி குதிக்கும் அந்தத் துணுக்கு துருத்தியின் மூச்சோடு வரும்போது பாதி வீரமாகவும் பாதி பரிதாபமாகவும் கேட்கிறது. பாடல் வரி ஒன்றைக்கூடக் கவனிக்காதவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

‘பலோனா’ என்பது என்ன?

நைசாக அரைத்த இறைச்சியைக் குழாய் போல அடைத்து வேகவைத்துச் செய்யும் ஒரு தொத்திறைச்சி. வட்ட வட்டமாகச் சீவி பாக்கெட்டில் விற்பார்கள். இத்தாலியின் பொலோன்யா நகரத்தின் பெயர் இதற்கு வந்துவிட்டது. அமெரிக்கர்கள் பேச்சில் பெரும்பாலும் ‘பலோனி’ என்பார்கள். பாட்டில் ஷரோனாவோடு இணைய வேண்டும் என்பதற்காக ‘பலோனா’ ஆயிற்று. மலிவான, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவில் இருக்கிற சாதாரணச் சரக்கு. ஒரு பெரிய நிறுவனம் இதற்காக ஒளிபரப்பிய குழந்தைப் பாட்டு விளம்பரம் 1970-களில் அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே பாடலைக் கேட்டவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

வார்த்தைகளை மாற்றிப்போட்டதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஷ-ரோ-னா, ப-லோ-னா. குறில், நெடில், நெடில். உயிரொலிகள் ஒன்றுகூட மாறவில்லை. முதல் எழுத்தின் மெய்யும் இரண்டாம் எழுத்தின் மெய்யும் மட்டும் மாறியிருக்கின்றன. அதிலும் ரகரமும் லகரமும் நாக்கு நுனியில் அடுத்தடுத்த இடம். பாடும்போது வாய் ஒரே மாதிரி திறக்கிறது, ஒரே இடத்தில் நீள்கிறது. மெட்டுக்குப் பாட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சந்தத்தில் உட்காரும் சொல் ஆயிரம் கிடைக்கும். உட்கார்ந்து, உயிரொலியும் ஒத்து, கேட்டவுடன் சிரிப்பும் வரவழைக்கும் சொல் எப்போதாவதுதான் கிடைக்கும்.

அடுத்து முதல் வரி. மூலத்தில் பாடகர் ‘என் சின்ன அழகியே, அழகியே’ என்று அழைக்கிறார். பகடியில் ‘என் சின்னப் பசியாளியே, பசியாளியே’. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் மாறியது ஒரே ஒரு சொல். ஈரசைச் சொல் போய் இன்னோர் ஈரசைச் சொல் வந்திருக்கிறது; ஒலியின் முடிவும் ஒன்றுதான். வரியின் மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வரியில் மூலப் பாடகர் பெண்ணிடம் எனக்காக எப்போது நேரம் ஒதுக்குவாய் என்று ஏங்குகிறார். பகடியில் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்கிறார். ரொட்டி வெந்துவிட்டதாம், மேலே ஒரு துண்டு வைக்க வேண்டுமாம்.

இப்போது திக்கலுக்கு வருவோம். மூலத்தில் ‘ம-ம-ம-மை’ என்று வார்த்தை தடுக்கி விழும். பிரிட்டனின் ‘தி ஹூ’ குழு 1965-ல் பிரபலமாக்கிய திக்கலின் வாரிசு அது. ஷரோனா பாட்டில் ஆசை மிஞ்சிப்போனவன் பேச முடியாமல் திணறுவதுபோல் அது ஒலிக்கிறது. பலோனா பாட்டில் அதே திக்கல், வாய் நிறையத் திணித்துக்கொண்டு பேசுபவனின் திக்கலாகிவிட்டது. ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் முழுக்க மாறிவிட்டது. அளவு மீறித் தின்று, தின்றதை வெளியே எடுத்து, மறுபடியும் வந்து நிற்கிறான் இந்தப் பாட்டின் நாயகன். காமத்தின் வெறியை அப்படியே எடுத்துப் பசியின் மேல் பொருத்தியிருக்கிறார். இரண்டு வெறிக்கும் இலக்கணம் ஒன்றுதான் என்று அப்போது தெரிகிறது. மூலப் பாடலை நூறு முறை கேட்டும் பிடிபடாத ஒன்றைப் பகடி ஒரே தடவையில் காட்டிக்கொடுக்கிறது.

மூலப் பாடல் இன்று கேட்கச் சங்கடமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்கிறது. ஃபீகருக்கு அப்போது 25 வயதுக்கு மேல். பாட்டுக்குக் காரணமான பெண்ணுக்கு 17. வரிகளில் இளம் பெண் மீதான ஆசை வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த வரிகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவ்வளவு அபாரமான இசை அப்படிப்பட்ட வரிகளைச் சுமப்பது எனக்கு வருத்தம்தான். யாங்கோவிக்கின் பாட்டில் அந்த அசிங்கம் அறவே இல்லை. இசையின் துள்ளல் முழுவதும் மிஞ்சுகிறது. குழந்தைகள் இருக்கும் அறையில் தயக்கமின்றி ஓடவிடலாம்.

‘தி நாக்’ குழுவினர் கோபித்துக்கொண்டார்களா?

நேர்மாறாக நடந்தது. டாக்டர் டிமென்டோ நிகழ்ச்சியில் பாட்டுக்கு நல்ல வரவேற்பு. நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் ‘தி நாக்’ குழு கால் பாலியிலேயே கச்சேரி செய்ய வந்தது. கச்சேரி முடிந்ததும் யாங்கோவிக் மேடைக்குப் பின்னால் போய் ஃபீகரைச் சந்தித்தார். ஃபீகர் பாட்டை ரசித்ததாகச் சொன்னதோடு நிற்கவில்லை. உடன் இருந்த கேப்பிட்டல் நிறுவனத்தின் துணைத் தலைவர் ரூப்பர்ட் பெர்ரியிடம் அறிமுகப்படுத்தி, இதை நீங்களே வெளியிடலாமே என்றார். 1979-ன் கடைசியில் கேப்பிட்டல் அதை வெளியிட்டது. மறுபக்கத்தில் ‘ஸ்கூல் கஃபெடீரியா’ என்ற யாங்கோவிக்கின் சொந்தப் பாடல். அதாவது, மூலப் பாடலை வெளியிட்ட அதே நிறுவனம் அதன் பகடியையும் வெளியிட்டது. கழிப்பறைப் பதிவுதான் இசைத்தட்டாக வந்தது.

ஃபீகரின் பெருந்தன்மையை அந்த நேரத்து நிலவரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘தி நாக்’ குழு முதலிடத்துக்கு வந்த வேகத்திலேயே வெறுப்பையும் சம்பாதித்தது. ஆல்பத்தின் அட்டை பீட்டில்ஸை நினைவூட்டும்படி அமைந்திருந்தது. பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்க மறுத்தார்கள். வரிகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹியூ பிரவுன் என்ற ஓவியர் இந்தக் குழுவை அணுகுண்டு போட்டு ஒழிப்போம் என்ற பொருளில் ஒரு கோஷத்தை உருவாக்கி, பட்டன்களும் பனியன்களும் அடித்து ஓர் இயக்கமாகவே நடத்தினார்.

இரண்டும் கேலிதான். பனியன் கேலிக்குப் பாடலைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் புகழைப் பார்த்தால் போதும். யாங்கோவிக்கின் கேலி பாடலுக்குள் புகுந்து ஒவ்வோர் அசையையும் எண்ணியது. நாடே ஏளனம் செய்துகொண்டிருந்தபோது தன் பாட்டை அப்படிக் கேட்டிருந்த ஒருவர் வந்து நின்றதும் ஃபீகர் கைகொடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

இதே குழு 2006-ல் ரன்-டி.எம்.சி. என்ற ராப் குழுவின் மீது ‘மை ஷரோனா’ துணுக்கை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வழக்குப் போட்டது. எதையும் கண்டுகொள்ளாத மனிதர்கள் அல்ல அவர்கள்.

பாடல் வெற்றி பெற்றதா?

விற்பனையில் இல்லை. பில்போர்டு பட்டியலில் ஏறவில்லை. கேப்பிட்டலும் அவரோடு தொடரவில்லை. 1980-ல் யாங்கோவிக் கட்டடக்கலைப் பட்டம் வாங்கினார்.

ஆனால் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. 1980 செப்டம்பரில் டிமென்டோவின் நிகழ்ச்சியில் நேரடியாக இன்னொரு பகடியைப் பாடினார். அன்று அக்கார்டியன் பெட்டியைத் தட்டித் தாளம் போட்ட ஜான் ஸ்வார்ட்ஸ் இன்றுவரை அவருடைய டிரம்ஸ் கலைஞர். 1983-ல் முதல் ஆல்பம், 1984-ல் மைக்கேல் ஜாக்சன் பாடலின் பகடியான ‘ஈட் இட்’ மூலம் உலகப் புகழ். 2014-ல் அவருடைய ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேரே முதலிடத்தில் அறிமுகமானது.

1979 பதிவும் ஆல்பத்தில் உள்ள பதிவும் ஒன்றுதானா?

இல்லை. 1983 ஆல்பத்துக்காகப் பாடலை மறுபடியும் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ரிக் டெரிஞ்சர். அது துப்புரவாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது பழையதுதான். அந்தச் சுவர்களின் எதிரொலியை எந்த ஸ்டூடியோவாலும் கொடுக்க முடியவில்லை.

பகடிக்கு மூலப் பாடலாசிரியரின் அனுமதி வேண்டுமா?

அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு பாடலை அப்படியே வேறொருவர் பாடிப் பதிவு செய்ய, நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். உரிமையாளர் மறுக்க முடியாது. வரிகளை மாற்றினால் அந்தச் சலுகை கிடையாது. அப்போது இரண்டே வழி: அனுமதி வாங்குவது, அல்லது அனுமதியின்றியே எடுத்தாளச் சட்டம் இடம் தரும் ‘நியாயமான பயன்பாடு’ இது என்று நீதிமன்றத்தில் வாதாடுவது.

இரண்டாவது வழிக்கு அடிப்படையான தீர்ப்பு 1994-ல் வந்தது. ‘2 லைவ் க்ரூ’ என்ற ராப் குழு ராய் ஆர்பிசனின் பழைய பாடலைப் பகடி செய்ய, உரிமை வைத்திருந்த அக்கஃப்-ரோஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வணிக நோக்கில் செய்தாலும் பகடி நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதே தீர்ப்பு ஒரு கோட்டையும் போட்டது. மூலப் படைப்பையே விமர்சிக்கும் பகடிக்கு அதை எடுத்தாளக் காரணம் இருக்கிறது. மூலத்தை வெறும் வாகனமாக வைத்துக்கொண்டு வேறு எதையோ கேலி செய்யும் நையாண்டிக்கு அந்தக் காரணம் பலவீனமானது.

இப்போது ‘மை பலோனா’வை எங்கே வைப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் அது தொத்திறைச்சியைப் பற்றியது. நான் மேலே சொன்னபடி வெறியின் இலக்கணத்தைக் காட்டுகிறது என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். நீதிபதி ஏற்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்பதுபோல் யாங்கோவிக் தன் தொழில் வாழ்க்கை முழுவதும் மூலக் கலைஞர்களிடம் கேட்டுவிட்டே பாடுகிறார். எழுதியவர்களின் பெயரும் பங்கும் அவர்களுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆல்பத்தில் ‘மை பலோனா’ அவேர், ஃபீகர், யாங்கோவிக் மூவர் பெயரிலும் இருக்கிறது.

சட்டத்துக்காக மட்டும் அவர் கேட்பதில்லை. சக கலைஞர்களின் மனம் நோகக் கூடாது என்பதே காரணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் இசைத்தட்டே மூலக் கலைஞரின் கைப்பிடித்து வெளிவந்தது என்பதை நினைத்தால், இந்தப் பழக்கம் எங்கே வேர்விட்டது என்று ஊகிக்கலாம்.

மறுத்தவர்கள் உண்டா?

உண்டு. பிரின்ஸ் ஒவ்வொரு முறையும் மறுத்தார். பால் மெக்கார்ட்னியின் பாடல் ஒன்றை, மாவுக்குள் கோழி இறைச்சி வைத்துச் சுடும் ‘சிக்கன் பை’ பற்றிய பாட்டாக மாற்ற அனுமதி கேட்டபோது, மெக்கார்ட்னி தான் சைவம் என்பதால் மறுத்தார். யாங்கோவிக்கும் 1992 முதல் சைவ உணவுக்காரர். அந்த மறுப்பு முற்றிலும் சரி என்று ஏற்றுக்கொண்டார். சைவத்துக்கு மாறிய அடுத்த ஆண்டே அவருடைய சாப்பாட்டுப் பாடல்களை மட்டும் தொகுத்து ஓர் ஆல்பம் வந்தது. அதில் ‘மை பலோனா’வும் இருந்தது.

2022-ல் வந்த திரைப்படத்தில் காட்டுவதெல்லாம் உண்மையா?

‘வியர்ட்: தி ஆல் யாங்கோவிக் ஸ்டோரி’ படத்தில் டேனியல் ராட்கிளிஃப் யாங்கோவிக்காக நடித்தார். கதையில் யாங்கோவிக்குக்கும் பங்கு உண்டு. இசைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றுப் படங்களையே அது பகடி செய்கிறது. சாண்ட்விச் செய்துகொண்டிருக்கும்போது வானொலியில் ‘மை ஷரோனா’ ஒலிக்க, அந்தக் கணமே பாட்டு பிறந்துவிடுகிறது என்பது அப்படங்களின் வழக்கமான ‘ஞானோதயக் காட்சி’யின் கேலி. கழிப்பறை, அக்கார்டியன், டிமென்டோ ஆகியவை உண்மையிலிருந்து வந்தவை. மற்றதை ரசித்துவிட்டு மறந்துவிட வேண்டும். வரலாறாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

2020-ல் ‘மை கொரோனா’ என்று அவர் ஏன் பாடவில்லை?

பெருந்தொற்று தொடங்கியதும் உலகம் முழுவதும் அவரிடம் அதைத்தான் கேட்டார்கள். செய்யப் போவதில்லை என்று அந்த மார்ச் மாதமே அறிவித்துவிட்டார். வேறு பலர் செய்தார்கள். கொ-ரோ-னா, ஷ-ரோ-னாவோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறதுதான். ஆனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பகடிக்காரருக்கு உதவாது. கேட்பவர் ஒரு வரி முன்னாலேயே போய் நின்றுவிடுவார். ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரமும் அது.

நியூ வேவ் பாடல்களில் அவர் செய்த வேறு பகடிகள் என்னென்ன? எதிலிருந்து தொடங்கலாம்?

டோனி பேசிலின் ‘மிக்கி’யை, பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தம்பதியர் உரையாடலாக மாற்றிய ‘ரிக்கி’ (1983). தி போலீஸ் குழுவின் சோகப் பாடலைத் துணிக்கடைக்காரர் பாட்டாக மாற்றிய ‘கிங் ஆஃப் ஸ்வேட்’ (1984), இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கிரெக் கீன் குழுவின் ‘ஜெப்பர்டி’யை, அதே பெயருள்ள வினாடி வினா நிகழ்ச்சியில் தோற்றவன் புலம்பலாக மாற்றிய ‘ஐ லாஸ்ட் ஆன் ஜெப்பர்டி’ (1984), இது அவசியம் கேட்க வேண்டியது. அதன் காணொளியின் முடிவில் கிரெக் கீனே கார் ஓட்டி வருவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1985-ல் வந்த ‘டேர் டு பி ஸ்டூப்பிட்’. இது எந்த ஒரு பாடலின் மெட்டும் அல்ல. டீவோ குழுவின் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக மெட்டமைத்தது. ஒரு குழுவின் தாளம், கருவி, குரல், சிந்தனை எல்லாவற்றையும் உள்வாங்கி, அவர்கள் எழுதாத ஒரு பாடலை அவர்களுடையதுபோலவே எழுதிக் காட்டியிருக்கிறார். டீவோவின் மார்க் மதர்ஸ்பா இதைக் கேட்டு அதிர்ந்துபோனதாகவும், தான் கேட்டவற்றிலேயே அழகான ஒன்று இது என்றும், அதற்காகவே அவரை வெறுப்பதாகவும் சொன்னார்.

தொடங்குபவர்கள் ‘மை ஷரோனா’வை இரண்டு முறை முழுதாகக் கேளுங்கள். திக்கல் வரும் இடங்களையும் வரியின் இறுதியில் சொல் திரும்ப வரும் இடங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். உடனே 1979 பதிவைப் போடுங்கள். ஆல்பப் பதிவை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.